கேதுருவும் பச்சிலையும்

பேச்சுப் போட்டியில் பரிசு பெறுவது எனக்குப் புதிதன்று. பள்ளிநாள் தொட்டே ஒலிபெருக்கியைக் கண்டால் என் தொண்டை தானாகவே கனைத்துக்கொள்ளும். வகுப்புத் தோழர்கள் இதைச் சொல்லிக் கேலி செய்வதுண்டு. அந்தக் கேலியும் எனக்கு உள்ளூர இனிக்கவே செய்யும். அத்தகைய நான், பேச்சையே பிழைப்பாகக் கொண்டு பேரரசின் தலைநகர்வரை உயர்ந்து, பிறகு அதை ஓசையின்றி இறக்கி வைத்துவிட்ட ஒருவரைப் பற்றி எழுத நேர்ந்ததற்கு எங்கள் ஆச்சியே காரணம்.

ஆச்சி பள்ளிக்கூடம் போனவர் அல்லர். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எழுத்துக்கூட்டப் பழகியவர். மாலையில் திண்ணையில் அமர்ந்து, வரியின்மேல் விரலை வைத்துச் சங்கீதப் புத்தகத்தை வாய்விட்டு வாசிப்பார். ஒரு விடுமுறை நாளில் வீட்டுக்கு விருந்தினர் வந்திருந்தனர். ஆச்சி 29-ஆம் சங்கீதத்தில் லீபனோன் நாட்டுக் கேதுரு மரங்களை இறைவனின் குரல் முறித்துப்போடும் இடத்தில் தடுக்கி நின்றார். கேதுரு என்ற சொல் வாயில் சிக்கவில்லை. நான் உள்ளேயிருந்து வந்து உச்சரிப்பைத் திருத்தினேன். அத்தோடு விட்டேனா? அந்த மரத்தின் தன்மை பற்றி ஒரு சிறு சொற்பொழிவும் ஆற்றினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அம்மரம் நம் ஊர்ப் பனையைவிட உயரமா என்று ஆச்சி கேட்டார். நான் சிரித்தேன். நான் சிரித்ததால் விருந்தினரும் சிரித்தனர். ஆச்சி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, காப்பி போட உள்ளே போய்விட்டார்.

சில மாதங்கள் கழித்து, நூலகத்தில் வேறொரு நூலைத் தேடியபோது புனித அகுஸ்தினாரின் 'ஒப்புதல்கள்' ஆங்கில மொழிபெயர்ப்பில் கைக்குக் கிடைத்தது. புரட்டிய பக்கத்திலேயே லீபனோன் கேதுரு நின்றது. அங்கே அது மரமாக நிற்கவில்லை. படித்தவனின் தலைக்கனமாக நின்றது. அன்று திண்ணையில் நின்றவன் யார் என்பது எனக்கு விளங்கிவிட்டது. ஆகவே நூலை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன்.

அகுஸ்தினார் ஐரோப்பியர் அல்லர் என்பதே நம்மில் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். அவர் வட ஆப்பிரிக்க மண்ணில் பிறந்தவர். கி.பி. 354 நவம்பர் 13-ஆம் நாள், தகாஸ்தே என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று அது அல்ஜீரியா நாட்டில் சூக் அஹ்ராஸ் என்ற பெயரில் உள்ளது. தந்தை பத்ரீசியு சிறு நிலக்கிழார். கையில் காசு அதிகம் இல்லாதவர். தாய் மோனிக்கா கிறித்தவப் பக்தி மிக்கவர். மகனின் படிப்புக்காகத் தகப்பன் தன் சக்திக்கு மீறிச் செலவு செய்தார். ஓராண்டு பணம் போதாமல் படிப்பு நின்றபோதுதான், பதினாறு வயது அகுஸ்தீன் நண்பர்களோடு அண்டைத் தோட்டத்தில் பேரிக்காய் திருடினார். பசிக்கும் அல்ல, ருசிக்கும் அல்ல. காய்களைப் பன்றிகளுக்கு எறிந்தனர். தடுத்ததைச் செய்துகாட்டும் அந்தப் பொய்யான பெருமிதத்தைப் பிற்காலத்தில் அவர் பக்கம் பக்கமாக ஆராய்ந்தார். பேரிக்காய்க்கு இத்தனை பக்கமா என்று எனக்கும் முதலில் தோன்றியது.

பிறகு ஒரு செல்வரின் உதவியால் கார்த்தேஜ் நகரில் சொல்வன்மைக் கலை பயின்று வகுப்பில் முதல்வரானார். அக்காலத்தில் நீதிமன்றத்திற்கும் அரசுப் பதவிக்கும் அக்கலையே ஏணி. பத்தொன்பதாம் வயதில் சிசரோவின் நூலொன்று மெய்யறிவின்மேல் அவருக்குத் தாகத்தை உண்டாக்கிற்று. அத்தாகத்தோடு வேதாகமத்தை எடுத்தவர், அதன் லத்தீன் நடையைக் கண்டு முகம் சுளித்தார். சிசரோவின் மிடுக்கு எங்கே, இந்த நாட்டுப்புற நடை எங்கே என்று ஒதுக்கிவிட்டார். அந்நூலின் வாசல் தாழ்வானது, உள்ளே போகப் போக உயரமானது, தாமோ குனிய மறுத்தவர் என்று பின்னர் தம்மையே குற்றம் சாட்டிக்கொண்டார். இதைப் படித்தபோது எங்கள் வீட்டுத் திண்ணைதான் என் கண்முன் வந்தது.

அடுத்த ஒன்பது ஆண்டுகள் மானி மதத்தாரோடு கழிந்தன. ஒளிக்கும் இருளுக்கும் நடக்கும் போரே உலகம் என்று போதித்த அம்மதத்தின் பெரும் புலவர் பவுஸ்தூசு வந்தால் தம் ஐயமெல்லாம் தீரும் என்று அகுஸ்தீன் காத்திருந்தார். பவுஸ்தூசும் வந்தார், தேன்போல் பேசினார், உள்ளே சரக்கு இல்லை. அழகிய கிண்ணத்தில் வெறும் காற்றைக் கண்ட ஏமாற்றம் அகுஸ்தீனுக்கு.

அப்போது அவர் ஆசிரியர். கார்த்தேஜ் மாணவர்களின் அட்டகாசம் தாங்காமல் 383-இல் ரோமாபுரிக்குக் கப்பலேறினார். பிறர் வகுப்பறைக்குள் கூட்டமாகப் புகுந்து கலாட்டா செய்வது அந்த மாணவர்களின் வீரவிளையாட்டு. (பேராசிரியப் பெருமக்கள் இதைப் படித்துப் புன்னகை செய்வார்கள் என நம்புகிறேன்.) ரோமாபுரி மாணவர்கள் அடக்கமானவர்கள். ஆனால் கட்டணம் கட்டும் நாள் வந்ததும் கூட்டமாக வேறு ஆசிரியரிடம் மாறிவிடுவார்கள்! அந்தப் பயணத்தின்போது, உடன்வர அழுத தாயிடம் பொய் சொல்லி, அவரைக் கடற்கரைக் கோவிலில் இரவு தங்கவைத்துவிட்டு மகன் கப்பல் ஏறிவிட்டார்.

384-இல் பேரரசரின் அவை இருந்த மிலான் நகருக்குச் சொல்வன்மை ஆசிரியராக அரசுச் செலவில் அனுப்பப்பட்டார். சிற்றூர்ப் பையனுக்கு முப்பது வயதில் கிட்டிய பெரும் பதவி! பேரரசரைப் புகழ்ந்து பேசுவதும் அப்பதவியின் கடமைகளுள் ஒன்று. பேச வேண்டியது பொய். கேட்பவர்க்கும் அது பொய்யென்று தெரியும். ஆயினும் கைதட்டல் நிச்சயம். அப்படியொரு பேச்சை மனத்துள் சுமந்துகொண்டு நண்பர்களோடு தெருவில் நடந்தபோது, குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு பிச்சைக்காரனைக் கண்டார். அவன் சில காசுகளில் பெற்ற மகிழ்ச்சி, தமக்கு இத்தனை படிப்பாலும் கிட்டவில்லையே என்று அவருக்குப் பட்டது. அவன் போதை விடிந்தால் தெளிந்துவிடும். தம் புகழ்ப்போதையோ உறங்கி எழுந்தும் தெளிவதில்லை.

அந்நகரின் ஆயர் அம்புரோசின் பிரசங்கத்தைக் கேட்க அவர் போனது பக்தியால் அல்ல. இன்னொரு பேச்சாளரின் தரத்தை அளக்கத்தான். ஆனால் சொல்லைக் கேட்கப் போனவரின் காதில் பொருளும் சேர்ந்து விழுந்தது. பழைய ஏற்பாட்டுக் கதைகளுக்குள் ஓர் உட்பொருள் உண்டு, மரமும் நதியும் கோபுரமும் மனித உள்ளத்தின் நிலைகளைக் குறிக்கக்கூடும் என்பதை அம்புரோசிடமிருந்து அறிந்தார்.

இங்கே ஒரு துயரத்தைச் சொல்லாமல் கடந்து போனால் என் மனம் ஒப்பாது. பதினைந்து ஆண்டுகள்போல் அவரோடு வாழ்ந்து, அதெயோதாத்து என்னும் மகனைப் பெற்றுக்கொடுத்த ஒரு பெண் இருந்தாள். பதவிக்கேற்ற பணக்காரச் சம்பந்தம் பேசி முடித்ததும் அவளை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். வேறொருவனை நாடுவதில்லை என்று நேர்ந்துகொண்டு, மகனை விட்டுவிட்டு அவள் போனாள். தம் நெஞ்சு கிழிந்து குருதி வடிந்ததாக அகுஸ்தினார் வருந்துகிறார். ஆனால் அவள் பெயரை ஓரிடத்திலும் எழுதவில்லை. அவளை இகழ்ச்சியினின்று காக்கவே மறைத்தார் என்பாரும் உண்டு. அந்த நூலில் உலகப் பெருமையின் விலையை முழுதாகக் கொடுத்தவள் அவளே என்பது என் எண்ணம்.

இனிக் கேதுருவுக்கு வருவோம். மிலானில் சிம்பிளிசியான் என்னும் முதிய குரு அவருக்கு ஒரு கதை சொன்னார். விக்தோரீனு என்பவர் ரோமாபுரியின் புகழ்பெற்ற சொல்வன்மை ஆசிரியர். அகுஸ்தினாரைப்போலவே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர். அவருக்கு நகரின் மன்றத்தில் சிலையே வைத்திருந்தனர். முதுமையில் வேதாகமத்தைப் படித்து மனம் மாறிய அவர், தாம் கிறித்தவர் ஆகிவிட்டதாக சிம்பிளிசியானிடம் தனிமையில் சொல்வார். கோவிலில் கண்டால்தான் நம்புவேன் என்பார் குரு. அப்படியானால் சுவர்கள்தாம் மனிதனைக் கிறித்தவன் ஆக்குகின்றனவா என்று இவர் கேலியாகக் கேட்பார். இப்படியே நாள் போயிற்று. உண்மை என்னவெனில், மேட்டுக்குடி நண்பர்களின் பழிப்புக்கு அவர் அஞ்சினார். அந்நண்பர்கள் நின்ற உயரத்தைத்தான் அகுஸ்தினார் பாபிலோனின் மேட்டிமை என்கிறார். இறைவன் இன்னும் முறிக்காத லீபனோன் கேதுரு என்கிறார். ஒருநாள் விக்தோரீனு திடீரென்று கோவிலுக்குப் போகலாம் என்றார். பிரபலமானவர்கள் தனியறையில் அறிக்கை செய்யும் சலுகை தரப்பட்டபோது அதையும் மறுத்து, எல்லார் முன்னும் மேடையேறி உரத்துச் சொன்னார். சொல்லைக் கற்பிக்கையில் கூட்டத்துக்கு அஞ்சாதவன் இதற்கு மட்டும் அஞ்சுவதா என்பது அவர் எண்ணம். 362-இல் யூலியான் பேரரசன் கிறித்தவர் அக்கலையைக் கற்பிக்கலாகாது என்று சட்டம் செய்தபோது தம் பள்ளியையே விட்டுவிட்டார்.

இக்கதை அகுஸ்தீனை உலுக்கிவிட்டது. 386-ஆம் ஆண்டுக் கோடையில், வீட்டுத் தோட்டத்தில் அத்திமரத்தடியில் விழுந்து அழுதுகொண்டிருந்தபோது, எடுத்து வாசிக்கச் சொல்லும் ஒரு பிள்ளைக்குரல் அயலிலிருந்து கேட்க, பவுலடியாரின் நிருபத்தைத் திறந்து ஒரு வாக்கியம் படித்து முடிவுக்கு வந்தது பலரும் அறிந்த நிகழ்ச்சி. எனக்கு அதைவிட அதற்குப் பின் நடந்ததே பிடித்திருக்கிறது. அவர் உடனே பதவியை உதறி ஊரைக் கூட்டவில்லை. திராட்சை அறுவடை விடுமுறைக்கு ஏறத்தாழ இருபது நாள்கள் இருந்தன. அதுவரை பாடம் நடத்திவிட்டு, விடுமுறை வந்ததும் சத்தமின்றி விலகினார். நெஞ்சுவலியும் அப்போது ஒரு காரணமாக வாய்த்தது. முன்னதாக விலகினால் ஊரார் பார்வை தம்மேல் விழும், பெரிய மனிதனாகக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டவன் என்பார்கள் என்று தயங்கினார். துறவிலும் செருக்கு ஒளிந்துகொள்ளும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அதன்பின் நண்பர்களோடு காசிசியாக்கும் என்னும் நாட்டுப்புற வீட்டில் தங்கி உரையாடல் நூல்கள் எழுதினார். அவற்றில் கிறிஸ்துவின் பெயர் வருவதை நண்பர் அலிப்பியு முதலில் விரும்பவில்லையாம். நூல்களில் கல்விக்கூடத்துக் கேதுரு மணக்க வேண்டும், கோவிலின் மருந்துப் பச்சிலை நெடி அடிக்கலாகாது என்ற எண்ணம். பாம்புக் கடிக்கு உதவுவது பச்சிலைதான் என்பதை அகுஸ்தினார் சேர்த்துக்கொள்கிறார். அதே வீட்டில் தத்துவ விவாதம் நடக்கையில் மோனிக்கா உள்ளே வந்து ஒரு கேள்வி கேட்டார். அதையும் குறிப்பெடுக்க மகன் சொன்னபோது, நீங்கள் படிக்கும் நூல்களில் பெண்கள் பேசுவதாக எங்கேனும் உண்டா என்று அந்த அம்மையார் வியந்தார். எழுதத்தான் செய்தார்கள். முன்பு கடற்கரையில் ஏமாற்றப்பட்ட தாய் அவர்.

387-இல் அம்புரோசு கையால் தந்தையும் மகனும் ஒன்றாகத் திருமுழுக்குப் பெற்றனர். அவ்வாண்டே ஊர் திரும்பும் வழியில் ஒஸ்தியா துறைமுகத்தில் மோனிக்கா காலமானார். மகன் அதெயோதாத்தும் சில ஆண்டுகளில் இளம்வயதிலேயே மறைந்தான்.

391-இல் ஹிப்போ நகருக்கு ஒருவரைக் காணப் போனவரைக் கோவிலில் மக்கள் பிடித்துக்கொண்டு குருவாக்கிவிட்டனர். அவர் அழுதார். ஆயர் பதவி கிடைக்கவில்லையே, வெறும் குருதானே ஆனோம் என்று அழுவதாக எண்ணிச் சிலர் ஆறுதல் கூறினராம்! இதை அவர் சீடர் பொசிதியு எழுதி வைத்திருக்கிறார். சில ஆண்டுகளில் ஆயரும் ஆனார். இறுதிவரை அவ்வூரிலேயே இருந்தார். இன்று அது அன்னாபா எனப்படும் அல்ஜீரியத் துறைமுகம்.

410 ஆகஸ்டு 24-இல் அலாரிக் தலைமையில் கோத்தர்கள் ரோமாபுரியைச் சூறையாடினர். என்றும் அழியாது என்று எண்ணப்பட்ட நகரம்! பழைய தெய்வங்களைக் கைவிட்டதால்தான் இந்தக் கேடு என்று பழமைவாதிகள் கிறித்தவர்மேல் பழி போட்டனர். ஆப்பிரிக்காவுக்குத் தப்பியோடி வந்தவர்களோ, வந்த சூட்டோடு கார்த்தேஜின் நாடகக் கொட்டகைகளை நிரப்பினர். இதற்கெல்லாம் விடையாக 413-இல் தொடங்கி 426 அளவில் முடித்த 22 பாகங்கள் கொண்ட பெருநூலே 'இறைவனின் நகரம்'.

அந்நூலில் வேதாகமத்தின் சின்னங்களையெல்லாம் அவர் இரண்டு நகரங்களாகத் திரட்டுகிறார். தன்னைத்தானே நேசித்து இறைவனை மறந்த அன்பு கட்டியது ஒரு நகரம். அதன் பெயர் பாபிலோன். இறைவனை நேசித்துத் தன்னை மறந்த அன்பு கட்டியது மற்றொன்று. அதன் பெயர் எருசலேம். முதற்பெயருக்குக் குழப்பம் என்றும் பின்னதற்கு அமைதியின் காட்சி என்றும் அவர் பொருள் கொள்கிறார். உடன்பிறந்தானைக் கொன்ற காயீன் ஒரு நகரைக் கட்டினான். கொலையுண்ட ஆபேலோ வழிப்போக்கனாகவே போய்விட்டான், எதையும் கட்டவில்லை. ரோமாபுரியை நிறுவிய ரோமுலனும் தம்பியைக் கொன்றவனே என்று சுட்டிக்காட்டும் துணிவு அவருக்கு இருந்தது. பாபேல் கோபுரம் வானத்தை எட்டச் செங்கல்லை அடுக்கிய செருக்கு. அது எட்டவில்லை, பேசிய மொழிதான் சிதறியது. சொல்லை விற்றுப் பிழைத்தவர்க்கு இக்கதை எவ்வளவு உறைத்திருக்கும்! பாபிலோன் நதிக்கரையில் சிறைப்பட்டோர் அமர்ந்து அழும் 137-ஆம் சங்கீதத்துக்கு விளக்கம் சொல்கையில், அந்நதிகளை ஓடி மறையும் உலக இன்பங்களாகவும், யாழ்களைத் தொங்கவிட்ட மரங்களை அந்நீரையே குடித்து வளர்ந்தும் கனி தராத மாந்தராகவும் காண்கிறார்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. இரு நகரத்தாரும் இவ்வுலகில் கலந்தே வாழ்கின்றனர். கோவிலுக்குள் அமர்ந்திருப்பவன் பாபிலோனியனாக இருக்கலாம். வெளியே நின்று ஏசுகிறவன் நாளைய எருசலேம்வாசியாக இருக்கலாம். அறுவடைவரை பிரித்தறிய நமக்கு அதிகாரம் இல்லை.

இவ்வளவு தெளிவாகச் சொன்னவர் ஓரிடத்தில் தாமே பிரிக்கப் புகுந்தார். ஆப்பிரிக்கத் திருச்சபையில் தொனாத்தியர் என்ற பிரிவினர் தனித்து நின்றனர். முதலில் அவர்களை வாதத்தால் மட்டுமே வெல்ல வேண்டும் என்றிருந்த அகுஸ்தினார், பின்னர் அரசின் தண்டனையை ஏற்றார். விருந்துக்கு வராதவரை வற்புறுத்தி உள்ளே அழைத்துவரச் சொல்லும் நற்செய்திக் கதையையே அதற்கு ஆதாரமாக்கினார். 411-இல் கார்த்தேஜில் இருதரப்பு ஆயர்களும் கூடி வாதிட்டனர். தீர்ப்பு தொனாத்தியருக்கு எதிராயிற்று. மறு ஆண்டே அபராதச் சட்டம் வந்தது. மரண தண்டனை கூடாது என்று அவர் மன்றாடியது உண்மை. ஆயினும் அந்தக் கதைக்கு அவர் கொடுத்த பொருளைப் பிற்காலத்தார் எங்கெங்கோ கொண்டுபோனார்கள். முதுமையில் தாம் எழுதிய 93 நூல்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பிழை திருத்தி ஒரு நூல் செய்தார். அத்தகைய தாழ்மை கற்றவரிடம் அரிது. ஆனால் அதிலும் பிழையாக அவர் குறித்தது, வற்புறுத்தல் கூடாது என்று முன்பு எழுதியதைத்தான்! அவரை எவ்வளவு நேசித்தாலும் இவ்விடத்தில் என்னால் அவர் பக்கம் நிற்க இயலவில்லை.

1981-இல் வெளியான அவருடைய கடிதங்கள் சில, நெடுங்காலம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தவை. அவற்றுள் ஒன்று, ஆப்பிரிக்கக் கரையில் சுதந்திர மனிதரைப் பிடித்துக் கப்பலேற்றி விற்ற அடிமை வணிகரைப் பற்றியது. ஹிப்போவில் கிறித்தவ மக்கள் துணிந்து ஏறத்தாழ 120 பேரை மீட்டனர். வணிகருக்குச் செல்வாக்குள்ள ஆதரவாளர் இருந்ததால் சட்டத்தின் உதவி தேடி முதியவர் எழுதிய கடிதம் அது. மிலானில் பேரரசரைப் புகழ்ந்த அதே எழுத்தாற்றல்தான். சிறைப்பட்டோரை மீட்கக் கோவிலின் வெள்ளிப் பாத்திரங்களை உருக்கவும் அவர் தயங்கவில்லை.

430-இல் வண்டாலர் படை ஹிப்போவை முற்றுகையிட்டது. மூன்றாம் மாதத்தில் ஆயர் காய்ச்சலில் படுத்தார். தாவீதின் மனவருத்தச் சங்கீதங்களை எழுதிச் சுவரில் மாட்டச் செய்து, படுக்கையிலிருந்தபடியே அவற்றை வாசித்து அழுதார். மருத்துவர் வரும்போதும் உணவு வரும்போதும் அன்றி யாரும் உள்ளே வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பத்து நாள் அப்படியே கழிந்தது. ஆகஸ்டு 28-ஆம் நாள், தம் 76-ஆம் வயதில் இறந்தார். எழுதிவைக்கச் சொத்து இல்லாததால் உயில் எழுதவில்லை. நூலகத்தை மட்டும் காக்கச் சொல்லியிருந்தார், அது தப்பியது.

இந்தக் கட்டுரைக்காகச் சங்கீதப் புத்தகத்தைப் புரட்டுகையில் 92-ஆம் சங்கீதத்தில் ஒன்று கண்டேன். நம் தமிழ் வேதாகமத்தில், நல்லவனின் வளர்ச்சிக்கு உவமையாகப் பனையும் லீபனோன் கேதுருவும் ஒரே வசனத்தில் அருகருகே நிற்கின்றன. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அதை ஆச்சியிடம் எடுத்துக் காட்டினேன். ஆச்சி கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வசனம் தமக்கு மனப்பாடம் என்றும், இரண்டில் எது உயரம் என்று தெரிந்துகொள்ளத்தான் அன்றைக்குக் கேட்டதாகவும் சொன்னார்.